குளவிக்கு வைத்த பெயர்

"குளவிக்கா என் பேரு?" என்று மெருகுக்காரரிடம் போனில் கேட்டாள் மனைவி.

மியூசியத்தில் கல்லுக்கு மெருகு போடுவது அவர் வேலை. "அந்தக் கல்லோடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. போன மறுவாரம்தான் அந்த அம்பர் துண்டு வந்தது. பழங்காலத்து மரப்பிசின், கல்லாக இறுகிப்போனது. தேய்க்கத் தேய்க்க உள்ளே ஒரு குளவி, சிறகுகூடக் கலையாமல். யாரும் பார்த்திராத இனம் என்று மியூசியத்துப் பெண் ஆராய்ச்சியாளர் சந்தோஷத்தில் குதித்தார். "கண்டுபிடிச்சது நீங்க. பேரையும் நீங்களே சொல்லுங்க."

மனிதருக்கு வேறு எந்தப் பெயர் தெரியும்? கூப்பிட ஆளில்லாமல் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்த பெயரைச் சொல்லிவிட்டார். இப்போது கண்ணாடிப் பெட்டியில் பெயர்ப்பலகை வைத்து, பேப்பரிலும் போட்டுவிட்டார்கள்.

"சாதாரணக் குளவி இல்லம்மா. இந்த இனமே இப்ப உலகத்துல இல்ல. பூண்டோட அழிஞ்சு போச்சு."

"ஓஹோ. நான் அழிஞ்சு போகணும்னு ஆசை."

"ஐயோ, அப்படி இல்ல. பத்துக் கோடி வருஷம் பழசு..."

"வயசையும் சொல்லியாச்சா?"

"கொடுக்குகூட அப்படியே இருக்கு. எவ்வளவு அழகு தெரியுமா."

அவள் போனை வைத்துவிட்டாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதில் மனிதர் கெட்டிக்காரர். சமாதானம் பேச மச்சானைப் பிடித்தார்.

"போங்க மாப்ள. ஆபீஸ்ல என்னைக் குளவிக்கு அண்ணன்னு கூப்பிடுறானுங்க" என்று அவரும் வைத்துவிட்டார்.

நேரில் பேசினால் சரியாகிவிடும் என்று, மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடினார். பத்து நாளும் ஒரே பதில்: "அக்கா இப்பத்தான் வெளிய போனாங்க." என் தலையைக் கண்டதும் நழுவுகிறாள் என்று முடிவுகட்டினார். அவள் நாற்காலியில் பச்சை ஸ்வெட்டர் ஒன்று தொங்கும். அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால் போதும் என்றிருக்கும் அவருக்கு. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

பெயரால் வந்த வினை, பெயரையே எடுத்துவிடலாம் என்று ஆராய்ச்சியாளரிடம் கெஞ்சினார்.

"உலகம் முழுக்கப் பதிவாயிடுச்சு. இனி அந்தக் குளவியே வந்து கேட்டாலும் மாத்த முடியாது."

பதினோராம் நாள் காலை, பெயர்ப்பலகையின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார். அவளை இன்னொரு தடவை வீட்டைவிட்டு அனுப்புகிற மாதிரி இருந்தது. மதியம் வழக்கம்போல் கடைக்கு ஓடி, வழக்கம்போல் ஏமாந்து திரும்பினார்.

வாசலில் டிக்கெட் கொடுக்கும் பெண் அவரை மறித்தாள்.

"சார், அந்தக் குளவியோட பேரை யாரு மறைச்சது? ஒரு அம்மா பத்து நாளா மத்தியானத்துல டிக்கெட் வாங்கிட்டு வந்து, அந்தப் பேரையே பாத்துட்டு நிப்பாங்க. இன்னிக்கு அதைக் காணோம்னதும், 'அவருக்கு நான் வேண்டாமாம்'னு பெட்டிக்கு முன்னாடியே உக்காந்து அழுதுட்டு இருக்காங்க."