சடைச்சி சீக்கிரமாக இறங்கிய மாடிப்படி

ஒரு காட்டில் சிங்கராஜா தனக்கென்று மூன்று மாடிக் குகை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். பழைய குகைக்கு என்ன குறை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களை அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார்.

அங்கே சித்தாள் வேலைக்கு வந்தாள் சடைச்சி என்ற கரடி. தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். ஒரு படி உயரம், அடுத்தது குட்டை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கிடையாது.

“மேஸ்திரி, ஒரு கைப்பிடி வைக்கக் கூடாதா? காலெல்லாம் நடுங்குது” என்றாள்.

மேஸ்திரி நரி சிரித்தது. “அதெல்லாம் கடைசியிலதாம்மா. இப்பவே வெச்சா உங்க கை பட்டு அழுக்காயிடாதா?”

இருந்தாலும் ஒரு பேச்சுக்குப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டது. வந்தது ஒரு மலையாடு. தாவித் தாவி உச்சிக்குப் போய், அங்கிருந்து ஒரே குதியில் கீழே வந்து நின்றது.

“படி அருமையா இருக்கே! எனக்கு ஒண்ணும் ஆகலையே!” என்று சொல்லிவிட்டு, காலி சிமென்ட் சாக்கைத் தின்னப் போய்விட்டது.

மத்தியானம், பூச்சு வெடிக்காமலிருக்க ஊற்றிய தண்ணீர் படியில் தேங்கி நின்றது. சடைச்சி காலை வைத்தாள். சட்டி ஒரு பக்கம், சும்மாடு ஒரு பக்கம். அவள் உருண்டு வந்து மணல் குவியலில் தலைகுப்புறப் புதைந்தாள். கால் முறிந்துவிட்டது. வலி ஒரு புறம் இருக்க, நாளையிலிருந்து குட்டிகளுக்கு எதைக் கொடுப்பது என்று நினைத்ததும்தான் அழுகை வந்தது.

சத்தம் கேட்டு சிங்கராஜா வந்துவிட்டார். “யாராவது விழுந்தார்களா?”

“ஐயையோ, இல்லீங்க மகாராஜா! சடைச்சி கொஞ்சம் சீக்கிரமா இறங்கிட்டா, அவ்வளவுதான்” என்றது நரி.

தன் குகையில் ஒரு கரடி தன்னைவிட வேகமாக இறங்குவதா? ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேலே ஏறினார்.

“வேண்டாம் மகாராஜா, வழுக்கும்!” என்று மணலுக்குள்ளிருந்து கத்தினாள் சடைச்சி.

அவர் பிடரியைச் சிலுப்பிக்கொண்டு காலை வைத்தார். சடைச்சியைவிடச் சீக்கிரமாகவே வந்து சேர்ந்தார்.

“சாதனை!” என்று ஆடு குளம்பைத் தட்டியது. ராஜா இரண்டு பல்லைத் துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்ததும் தட்டுவதை நிறுத்திக்கொண்டது.

பொழுது சாய்வதற்குள் படியின் இரு பக்கமும் தேக்கில் கைப்பிடி வந்துவிட்டது. காலில் கட்டோடு நொண்டி வந்த சடைச்சி அதைத் தடவிப் பார்த்தாள்.

“மகாராஜா காலையிலேயே விழுந்திருக்கலாம்” என்றாள்.

நீதி: மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டுமென்றால் யாரோ ஒருவர் விழுந்தால் போதாது, விழவேண்டியவர் விழ வேண்டும்.