மழைக்காரனும் மலையும்

"இன்னும் பத்தே நிமிஷம் தம்பி, மேகம் விலகிடும்" என்று தோகாஷி சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இருவரும் ஏரிக்கரையில் ஆளுக்கொரு குடையோடு நின்றார்கள். ஃபுஜி மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமே இல்லை.

தோகாஷி அந்த ஊர் தபால் ஆபீஸ்காரர். கின்ஜோவுக்குத் தெற்குக் கோடித் தீவான ஒகினாவாவில் மீன் கடை. கம்ப்யூட்டரில் ஷோகி என்ற ஜப்பான் சதுரங்கம் ஆடி ஆடியே பத்து வருஷ சிநேகம். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் தோகாஷி, "ஆட்டத்துல நீ ஜெயிச்சுக்கோ. ஃபுஜி எங்க வீட்டுக் கொல்லையில இருக்கு. ஒரு தடவை வா, நானே காட்டறேன்" என்று பீற்றிக்கொள்வார். அதை நம்பி கின்ஜோ, மலையை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்க, கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, சனி ஞாயிறுக்காக வெள்ளி ராத்திரியே வந்து ஏரிக்கரை விடுதியில் இறங்கிவிட்டார்.

"காலையில விடுதி ஜன்னல்ல எட்டிப் பாத்தியா?"

"எங்கண்ணே... அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்" என்று சொல்லி, கின்ஜோ ஒரு பெரிய கொட்டாவி விட்டார்.

தோகாஷிக்குச் சுருக்கென்றது. அதற்குள் சலித்துவிட்டதா இவனுக்கு?

அவர் வெளியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆபீஸில் அவருக்கு மழைக்காரன் என்று பெயர். சுற்றுலா என்றால் "தோகாஷி வர்றாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் குடை எடுப்பார்கள். அதற்காகவே, மழையை விரட்டும் என்று சொல்கிற வெயில் பொம்மை ஒன்றை வெள்ளைத் துணியில் செய்து காரில் தொங்கவிட்டிருந்தார். போகிற வழியில் கண்ணாடியில் ஆவி படிந்ததால், அதைக் கழற்றித்தான் துடைக்க வேண்டியிருந்தது.

"மேல போயிட்டா மேகம் கீழ போயிடும்" என்று ரோப் காரில் ஏற்றினார். மேகம் கீழே போகவில்லை. இவர்கள்தான் அதற்குள் போனார்கள்.

"அதோ, என் விரலுக்கு நேரா பாரு!"

"விரலையே காணோமேண்ணே."

"சரி, பின்னாடி மலை இருக்குன்னு நினைச்சுக்கிட்டு சிரி. படம் எடுக்கறேன்."

கின்ஜோ சிரித்தார். கிளிக் செய்யும் நேரம் பார்த்துக் கொட்டாவி வந்துவிட்டது.

அன்று வீட்டில் தோகாஷிக்குச் சோறு இறங்கவில்லை. "மிசாவோ, நான் இருந்தா அது வராது. நாளைக்கு நீ கூட்டிட்டுப் போ. எனக்கு வயித்து வலின்னு சொல்லிடு."

"உங்களப் பாத்து மலை ஒளிஞ்சுக்குதாக்கும்? பொண்ணு பாக்க வந்தப்ப நான்தான் ஒளிஞ்சிருக்கணும்" என்றாள் மனைவி. ஆனாலும் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தோகாஷி இல்லாத வயிற்று வலியோடு வீட்டில் படுத்திருந்தார். திடீரென்று சுள்ளென்று வெயில். மெத்தையைக் காயப்போடலாமே என்று மாடிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அடி முதல் நுனி வரை, மொத்த மலையும் எதிரே நின்றது.

மனைவிக்குப் போன் போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். நாலாவது தடவை எடுத்தாள்.

"மலை தெரியலன்னு பனிக் குகைக்குள்ள போயிட்டோங்க. உள்ள சிக்னல் இல்ல."

"வெளிய வந்து பாருங்க! இல்ல, அங்கயே இருங்க, நான் வர்றேன்!"

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு காரில் பறந்தார். அவர் குகை வாசலில் இறங்கவும், முதல் தூறல் மூக்கில் விழவும் சரியாக இருந்தது.

"வந்துட்டீங்க, அது போயிடுச்சு" என்றாள் மிசாவோ.

"வயித்து வலி எப்படிண்ணே இருக்கு?" என்றார் கின்ஜோ, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

சாயங்காலம் ஸ்டேஷனில், மலை உருவத்தில் செய்த கேக் டப்பாவை நீட்டி, தோகாஷி இடுப்பு வரை குனிந்தார். அவமானத்தில் காது சிவந்திருந்தது.

"மன்னிச்சுடு தம்பி. பத்து வருஷமா பீத்திட்டேன். நான் மழைக்காரன். உனக்குக் காட்டினது ரெண்டு நாள் கொட்டாவிதான்."

"அட, என்னண்ணே நீங்க! நீங்க காட்ட வேண்டிய மலை பாக்கி இருக்குல்ல? அடுத்த வருஷமும் வருவேன். அதுவரைக்கும் ஷோகியில தோத்துக்கிட்டே இருங்க."

ரயில் போய்விட்டது. தோகாஷிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. எவ்வளவு நல்ல மனுஷன், எத்தனை தூரத்திலிருந்து வந்தவன், மலையைப் பார்க்காமலே போகிறானே!

அப்போது விடுதிப் பணிப்பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் கையில் ஒரு கேமரா மூடி.

"ஐயா, அந்த ஒகினாவாக்காரர் போயிட்டாரா?"

"இப்பத்தான் போனான். என் நண்பன்தான். குடும்மா, அனுப்பி வைக்கிறேன்."

"எங்க மொட்டை மாடியில விட்டுட்டாருங்க. ரெண்டு நாளும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து அங்க போயிடுவாரு. அந்த நேரத்துல மலை பளிச்சுன்னு நிக்குமில்ல, கண்ணு கலங்கிப் பாத்துட்டே இருப்பாரு. அப்புறம் கீழ வந்து, 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா, எனக்கு முதல் தடவையா மலையக் காட்ட ஒரு அண்ணன் வந்துட்டிருக்காரு'ன்னு சொல்லிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடிக்குவாருங்க."