கழுதை மேல் போட்ட பழி

செங்கல்பட்டில் பீரங்கியின் பின்புறத்தைப் பார்க்காதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. பதறாதீர்கள், எக்ஸ்ரே படத்தில்தான். டீக்கடை, சலூன், கோர்ட் வாசல் என்று எங்கே நல்ல வெளிச்சம் கிடைத்தாலும் மஞ்சள் பையிலிருந்து அந்தப் படத்தை உருவித் தூக்கிப் பிடிப்பார்.

"பாத்தியா, இடுப்புக்குக் கீழ வெள்ளையா ஒண்ணு கீதே? செல்லு! எதிரி போட்ட செல்லு!"

தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நான் அங்கே ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். ஆபீசுக்குக் கீழே மணியின் டீக்கடை. பீரங்கி அரிசி மில் வாட்ச்மேன். டியூட்டி இல்லாத நேரமெல்லாம் மணியின் பெஞ்சில்தான் வாசம். குண்டுச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். அவர் ரகசியம் சொன்னால் ஸ்டேஷனில் நிற்கும் மின்சார ரயிலில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெயர் அப்படி வந்ததுதான்.

ராணுவத்தில் இருந்தாரே தவிர, எழுபத்தொன்று போரில் அவர் யாரையும் சுடவில்லை. வடக்கே மலைமேல் காவல் நின்ற சிப்பாய்களுக்குக் கோவேறு கழுதைமேல் தோட்டாவும் கோதுமை மாவும் ஏற்றிப் போவது அவர் வேலை. கழுதைக்கு ராணி என்று பேர் வைத்திருந்தார். ஒருநாள் பாதையில் எதிரியின் ஷெல் குண்டு, அவர் பாஷையில் செல்லு, விழுந்தது. ராணி அங்கேயே செத்தது. ஒரு துண்டு இரும்பு பீரங்கியின் இடது பிட்டத்தில் புகுந்து ஆழமாக உட்கார்ந்துகொண்டது. மயங்கியவர் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தார்.

போரில் காயம்பட்டவர்களுக்கு ஒரு பதக்கம் உண்டு என்பது பென்ஷன் வாங்கிப் பல வருஷம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. மனுப் போட்டார். பதில் வந்தது. 'தங்கள் மருத்துவக் குறிப்பின்படி காயம் கழுதை உதைத்ததால் ஏற்பட்டது. எதிரியின் தாக்குதலால் ஏற்பட்டதாகக் கருத இயலாது.'

கழுதைக்காரன், பின்பக்கத்தில் அடி. மேற்கொண்டு விசாரிக்க, குறிப்பு எழுதிய ஆஸ்பத்திரி எழுத்தருக்கு என்ன தலையெழுத்து? மலைமேல் நடந்ததை நாற்காலியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

பதக்கம் இல்லை என்றதைக்கூட பீரங்கி தாங்கிக்கொண்டிருப்பார்.

"ராணி என்ன ஒருநாள் ஒதைச்சது கெடையாது சார். நான் படுத்தா என் பக்கத்துல அசையாம நின்னுகினு இருக்கும். செத்துப்போனவ மேல பழி போடறானுங்களே, இது அடுக்குமா?" என்று என் டைப்ரைட்டர் ஆடும்படி கத்தினார்.

அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். 'மேற்படி கழுதை நன்னடத்தை உடையது, யாரையும் உதைத்த வழக்கமில்லை' என்ற வரியை எடுத்துவிடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"அத எடுத்தீன்னா மனுவே வாணாம்."

கீழே மணிக்கு இது போதாதா? "அண்ணாத்த, மெய்யாலுமே சொல்லு. குண்டு வந்தப்போ நீ மூஞ்சியக் காட்டிகினு இருந்தியா, முதுகக் காட்டிகினு இருந்தியா?"

"ராணி மூட்டைய சரி பண்ணிகினு இருந்தன்டா, சோமாறி!"

"அப்ப எதிரி மூட்டையப் பாத்துதான் குறி வெச்சிருக்கான். வுட்டா பதக்கத்தையும் அங்கியே குத்திக்க சொல்லுவான் போல."

பெஞ்சே குலுங்கிச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். பீரங்கி மணியின் வம்சத்தையே திட்டித் தீர்த்துவிட்டு, அதே வாயால் இன்னொரு டீ கேட்பார்.

எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறினார். ஓர் இடத்தில் ஒரு அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது உங்களுதுதான்னு எப்படி நம்பறது?"

பீரங்கி யோசிக்கவே இல்லை, பேண்ட் பெல்ட்டில் கை வைத்தார். கூடப் போயிருந்த நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்து மேஜை அம்மாள் எழுந்தே போய்விட்டார்.

இதற்கு மேல்தான் அவருக்கு அந்தக் கிறுக்கு யோசனை வந்தது. இரும்பையே வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டால்?

டாக்டர் வேண்டாம் என்றார். நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, இத்தனை வருஷம் தொந்தரவு தராததைக் கிளறினால் கால் போனாலும் போகலாம் என்றார். வீட்டுக்காரம்மா சரோஜா டீக்கடைக்கே வந்து சண்டை போட்டார்.

"கண்ணாலம் ஆனதுலேந்து அந்த இரும்போடதான் குடித்தனம் பண்ணிகினு கீறேன். அது உன்ன இன்னா பண்ணிச்சு? ஒரு தகரத்துக்கோசரம் கால வெட்டிக்கப் போறியா?"

"தகரத்துக்கு இல்லடி. எழுதி வெச்சிருக்கானே, அதுக்கு."

ஆபரேஷன் நடந்தது. கால் தப்பியது; நடைதான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சுண்டுவிரல் நுனி அளவில் கறுத்த இரும்புத் துண்டு ஒன்றைக் குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டு, பீரங்கி அதே அதிகாரியிடம் போனார். அவர் புதிய எக்ஸ்ரே ஒன்று எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இதுல ஒண்ணும் இல்லையே!"

பீரங்கி சிமிழை மூடி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். டீக்கடையில் விஷயத்தைக் கேட்ட மணியும் சிரிக்கவில்லை. "அந்தாளு மூஞ்சியில கொதிக்கிற பாலத்தான் ஊத்தணும்" என்று பாய்லரைப் பார்த்துச் சொன்னான்.

அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுமாதம் காஞ்சிபுரத்தில் முன்னாள் ராணுவத்தினருக்குக் குறைகேட்பு நாள் என்றார்கள். சிமிழோடு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே மேஜைக்குப் பின்னால் ஒரு ரிட்டயர்ட் கர்னல். மனுவை முழுக்கப் படித்த முதல் மனிதர் அவர்தான். 'நன்னடத்தை உடையது' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"கழுதை பேர் என்ன?"

"ராணி, சார்!" கூடமே திரும்பிப் பார்த்தது.

கர்னல் சிமிழைத் திறந்து இரும்பை உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு அருகிலிருந்த எழுத்தரிடம் சொன்னார்: "நானும் மலையில் கழுதைகளோடு இருந்தவன்தான். எந்தக் கழுதையும் இந்த மாதிரி உதைக்காது. இது ஷெல் துண்டு. ரெக்கார்டைத் திருத்தச் சொல்லி நானே எழுதுகிறேன்."

எழுதினார். அதற்குப் பிறகும் வருஷங்கள் ஓடின. கர்னல் அந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, கடலோரத்தில் திருவிடந்தையில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. "எனக்குள்ள செல்லு இருந்திச்சு" என்று பீரங்கி ஆரம்பித்தால், புதுப் பையன்கள் "டவர் கெடைச்சுதா தாத்தா?" என்றார்கள். ரெக்கார்டைத் திருத்தியாயிற்று என்று முதலில் ஒரு கடிதம் வந்தது. அப்புறம் ஒருநாள் பதக்கம் பார்சலில் வந்தது.

ஆமாம், பார்சலில். விழா இல்லை, பேண்டு வாத்தியம் இல்லை. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பீரங்கி பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்றார்.

"இன்னா, ஊறுகாவா இது, பார்சல்ல வர்றதுக்கு? ஒரு ஆபீசர் குத்தணும்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை மணி கடையைச் சாத்தினான். தீபாவளிக்குக்கூட சாத்தாதவன். சரோஜாம்மாவுக்கு முட்டிவலி, வரவில்லை. வேட்டியை விட்டுப் பேண்டுக்கு மாறச் சொல்லி அனுப்பிவைத்தார். நாங்கள் மூவரும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் திருவிடந்தையில் இறங்கினோம். கர்னல் லுங்கியும் பனியனுமாகத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது இஸ்திரி போட்ட சட்டை, கோட்டு, பளபளக்கும் ஷூ.

தென்னை மரத்தடியில் பீரங்கி விறைத்து நின்றார். சாய்ந்த கால் சாய்ந்தபடியே நின்றது. கர்னல் பதக்கத்தை நெஞ்சில் குத்தி, ஓரடி பின்னால் போய், சல்யூட் வைத்தார்.

"இப்ப திருப்தியா?"

"சார், ரெக்கார்டுல ராணி மேல எழுதுனத மெய்யாலுமே அடிச்சிட்டாங்களா?"

"அடிச்சாச்சு. நானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

பீரங்கி பதில் சல்யூட் வைத்தார். மணி வேலிப் பக்கம் திரும்பி நின்று, கண்ணில் மணல் விழுந்துவிட்டதாகச் சொன்னான். அன்று காற்றே இல்லை.

மாமல்லபுரத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் பாதி சீட் காலி. ஆபரேஷனுக்கு அப்புறம் பீரங்கியால் பஸ் சீட்டில் சற்று நேரம்கூட உட்கார முடியாது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அவருக்கு ஒரு பக்கம் போய் நின்றான், நான் மறுபக்கம்.

"அதான் சீட்டு இத்தினி காலியா கீதே, மூணு பேரும் உக்காருங்களேன்" என்றார் கண்டக்டர்.

"எங்களுக்கு நின்னாதான் காத்து வரும்" என்றான் மணி. "நீ டிக்கெட்டக் கிழி, நைனா."