மத்திகிரியில் ஃப்ளூ காய்ச்சலும் என் பினாயில் தொட்டியும்

மத்திகிரி,
24 ஜூன் 1957

அன்புள்ள தங்கை சாந்தம்மாவுக்கு அண்ணன் கோவிந்தப்பன் ஆசீர்வாதம் செய்து எழுதியது. இவ்விடத்தில் ஊருக்கெல்லாம் காய்ச்சல், நான் மட்டும் க்ஷேமம். பாரூரில் நீயும் மாப்பிள்ளை தீர்த்தகிரியும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே ஒரு கார்டு போடவும். உன் அண்ணி போனபின் நான் ஒண்டியாகக் கிடக்கிறேனே என்று கவலைப்பட்டு, அடுத்த மாதம் பஸ் ஏறி வருவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து வராதே. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பட்டணத்தில் கப்பலில் வந்து இறங்கிய ஃப்ளூ காய்ச்சலைப் பற்றிப் பேப்பரில் வந்ததும், அதை டீக்கடைக்கு எடுத்துப் போய்ச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கூட்டம் சேரக் கூடாது, இருமினால் வாயைத் துணியால் மூட வேண்டும் என்று நான் படிக்க, அதைக் கேட்க இருபது பேர் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். கடைக்கார முனிவேல் சிரித்தான். "கப்பல்ல வந்த காய்ச்சலுங்கோ கம்பவுண்டரே, நம்மூர்ல கடல் எங்க இருக்குது?" நாலாம் நாள் அவனே படுத்துவிட்டான். அதற்குப்பின் ஊருக்குப் பயம் வந்தது. சட்டைப்பையில் வெங்காயம், கழுத்தில் கற்பூர முடிச்சு, வாசலுக்கு வாசல் வேப்பிலை. ஆனால் சந்தைக்குப் போவதை மட்டும் ஒருவரும் நிறுத்தவில்லை.

நான் கால்நடைப் பண்ணையில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் அல்லவா? புதுக் காளை வந்தால் தனிக் கொட்டகையில் கட்டுவோம். கோமாரிக் காலத்தில் பினாயில் தண்ணீரில் காலை நனைக்காமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டோம். மாட்டுக்குச் சரியானது மனிதனுக்கும் சரிதானே என்று வாசலில் ஒரு தகரத் தொட்டி நிறையப் பினாயில் தண்ணீர் வைத்து, முன்னால் ஒரு கயிற்றையும் கட்டினேன். தபால்கார மாதப்பன் "செருப்பு புதுசுங்கோ" என்று சொல்லி வேலிக்கு அப்பாலிருந்தே உன் கார்டை வீசினான். அது நேராகத் தொட்டியில் விழுந்தது. பாதி எழுத்து கரைந்துபோய், மீதிப் பாதியிலிருந்துதான் நீ வருகிறாய் என்று தெரிந்துகொண்டேன். எருமையை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுக்கும் நாராயணம்மா, "இந்த நாத்தத்துக்கு என் எருமை பாலே எறக்க மாட்டேங்குது சாமி" என்று அடுத்த தெருவோடு நின்றுவிட்டாள்.

இதற்குள், எனக்குத்தான் காய்ச்சல் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. யாரோ என் வேலியிலும் வேப்பிலை செருகிவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று வாசலில் நின்று கத்தினேன். ஜன்னி கண்டுவிட்டது, பாவம் என்றார்கள். பன்னிரண்டு நாள், சாந்தா, ஒரு மனிதன் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பழைய பேப்பரைச் சுவருக்குப் படித்துக் காட்டினேன். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்து, மிச்சத்தைக் காக்கைக்குப் போட்டேன். ஒருநாள், யாராவது என்னவென்று கேட்கிறார்களா பார்ப்போம் என்று வேண்டுமென்றே பலமாக இருமினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தப் பக்கத்து வீடு சந்தையில் துணி விற்கும் கௌஸ் மொய்தீனுடையது. மனைவி ஃபகருன்னிசா, ஐந்து வயது மகள் ஜெய்னப். அவர்கள் சண்டையும் சிரிப்பும் சுவர் வழியாகக் கேட்டுத்தான் நான் பொழுதை ஓட்டினேன் என்று உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? பதின்மூன்றாம் நாள் அந்தச் சத்தமும் இல்லை. கிணற்று ராட்டினம் சுற்றவில்லை, அடுப்புப் புகை எழவில்லை. சுவருக்கு இப்பாலிருந்து கூப்பிட்டேன், பதில் இல்லை. என் வாசல் கயிறு வரை வந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அதற்குமேல் கால் எழவில்லை. அப்போதுதான் அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குழந்தை "தண்ணி" என்றது. எப்படிப் போனேன் என்று தெரியாது, கயிறு காலில் சிக்கி அறுந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

மூன்று பேரும் பாயில் நெருப்பாய்க் கிடந்தார்கள். பானையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெந்நீர் வைத்தேன், கஞ்சி காய்ச்சினேன், ஈரத்துணி போட்டேன். டாக்டரை அழைத்து வந்தேன். அவரும் அதையேதான் செய்யச் சொன்னார். காளைக்கு மருந்து புகட்டிய கைப்பழக்கத்தில் கௌஸ் மொய்தீனின் தாடையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி ஊற்றியபோது, "கம்பவுண்டரே, நான் மனுசனுங்க, தாடைய விடுங்க" என்று முனகினார். பிழைத்துக்கொள்வார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஃபகருன்னிசா எழுந்து உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்குத்தான் காய்ச்சல்னு சொன்னாங்க. கஞ்சி கொண்டாந்து குடுக்கலாம்னு தெனமும் நெனச்சேன். பயமா இருந்திச்சு."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அப்பறம் ஏன் கதவ சாத்திக்கினு கெடந்தீங்க?"

"எனக்கும் பயம்தாம்மா."

இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டோம். குழந்தை தூக்கத்தில் என் விரலைப் பிடித்திருந்தது. அதை விடுவிக்க எனக்கு மனமில்லை.

இப்போது அவர்கள் தேறிவிட்டார்கள். நானும் வீடு திரும்பி, கயிற்றை முடிபோட்டுக் கட்டிவிட்டேன். ஆகையால் எனக்கு ஒரு குறையும் இல்லை, துணையும் தேவையில்லை. நீ வரவேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மூன்று வேளையும் யாரோடாவது பேசிக்கொண்டே சாப்பிட்டு நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,

அண்ணன்,
கோவிந்தப்பன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் எனக்கும் காய்ச்சல் வந்துவிட்டது, நூற்றிரண்டு டிகிரி. பயப்படாதே. ஃபகருன்னிசா தலைமாட்டில் கஞ்சியோடு நின்று, எழுதியது போதும் என்று அதட்டுகிறாள். துணை தேவையில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. பத்து நாளைக்கு யாரும் வரக்கூடாது என்கிறார் டாக்டர், அது நியாயம்தான். பதினோராம் நாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு. சாயந்திர பஸ் வேண்டாம், அவ்வளவு நேரம் என்னால் காத்திருக்க முடியாது.