விஜயராணி மிஸ்ஸும் வேண்டுதல் சேவலும்

அடுத்த ஆன்லைன் வகுப்புக்குச் சரியாக எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் சேவலுக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

"யார் வீட்டுலயோ சேவல் கூவுது! இன்னொரு தடவை கேட்டுச்சு, ஆஸ்பத்திரி பயிற்சிக்கு அனுப்ப மாட்டேன்!" என்று திரையிலிருந்து விஜயராணி மிஸ் சீறியிருந்தார்.

அது தன் வீட்டுச் சேவல்தான் என்பதில் நர்சிங் மாணவி ராகினிக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து வாரமாக அவள் தட்டச்சு செய்து கேட்ட ஒரு கேள்விக்குக்கூட மிஸ் பதில் சொன்னதில்லை. அத்தனை கோபம்.

"மைக்க மூடித்தான்பா வச்சிருந்தேன்."

"மூடினா? அவன் கூவுனா அலோர் காஜா டவுன் வரைக்கும் கேக்கும் லா," என்றார் அப்பா பிச்சைமுத்து, பெருமையாக.

அவர் சேவலைக் கூடையால் மூடினார். கோபத்தில் இன்னும் உரக்கக் கூவியது. குளியலறையில் கட்டினார். எதிரொலியில் ஒரு சேவல் மூன்றானது. பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவிடம் கொடுத்தார்கள். அங்கே பெட்டைக்கோழிகளைக் கண்டதும், மருந்து கொடுக்கிற மாதிரி வேளை தவறாமல் கூவியது. அக்கா அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிச்சைமுத்து கத்தியைத் தீட்டினார். அம்மா கோமளா குறுக்கே நின்றாள்.

"முனீஸ்வரனுக்கு நேந்தது! இவ பாஸானாத்தான் வெட்டணும்."

"பயிற்சிக்கே போகலன்னா எப்படிம்மா பாஸாவறது?" என்றாள் ராகினி.

"முன்னாடியே கொடுத்தா சாமி வேணாம்னா சொல்லப்போறாரு?" என்றார் பிச்சைமுத்து.

ஞாயிற்றுக்கிழமை படையல். மதியம் குழம்பு.

திங்கள் காலை எட்டு மணி. ராகினி சீருடையில் உட்கார்ந்தாள். பிச்சைமுத்து இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். இருபதாவது நிமிடம், தெளிவாக, கொக்கரக்கோ.

"மறுபடியும் சேவலா? இவ்வளவு மோசமான பேட்ச்ச நான் பாத்ததே இல்ல!" என்றார் விஜயராணி மிஸ்.

மிச்சக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்த கோமளா, கரண்டியைக் கீழே போட்டாள். "சாமி கோச்சுக்கிட்டாரு!"

மதியமே மூவரும் மலாக்காவில், கல்லூரி அலுவலகத்தில் நின்றார்கள். கோமளா கையில் ஒரு பை ரம்புத்தான்.

"விஜயராணி மிஸ்கிட்ட மன்னிப்பு கேக்கணும் அண்ணே," என்றாள் ராகினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நேத்து சேவல வெட்டியே சாப்புட்டுட்டோம். இன்னிக்கும் கூவுது."

குமாஸ்தா தனேஷ் பையை எட்டிப் பார்த்தார். ஒரு பழத்தை எடுத்து உரித்தார்.

"மிஸ் ரிட்டயராயி ரெண்டு வருசமாச்சு லா தங்கச்சி. நீங்க பாக்கறது கோவிட் நேரத்து ரெக்கார்டிங்."