மாமாவின் காலடித் தடம் உடனே தேவை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் பாதங்களை வணங்கி மாப்பிள்ளை எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உங்கள் பேத்தியின் பாதங்களைத் தவிர. நான் வணங்கிய தங்கள் பாதங்கள் மீதும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கோபப்படாமல் மேலே படிக்கவும்.

போன வாரம் பேத்தி குளித்துவிட்டு ஈரக்காலோடு கூடத்தில் நடந்தாள். விழுந்த தடத்தைப் பார்த்தேன். நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியிருக்க வேண்டாமா? செங்கல்லை வைத்து எடுத்த மாதிரி முழுசாக இருந்தது. டைல்ஸ் ஒட்டுகிறவன் நான். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவன் முதன்முறையாக ஒரு மட்டத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயம். "ஓட்டமும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டேன். ஒரே அழுகை. உட்கார வைத்துப் பார்த்தால் பாதத்தில் அழகான வளைவு இருக்கிறது. எழுந்து நின்றால் மாயம். விரல் நுனியில் நின்றால் மறுபடி ஆஜர். ஆகவே வீட்டில் எல்லாரும் விரல் நுனியில்தான் நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். உங்கள் மகள் அப்படி நடந்து வந்து பால் பாத்திரத்தோடு என் மேலேயே சாய்ந்தாள். சரி, வளைவுக்கு முட்டுக் கொடுப்போம் என்று கூடம் முழுக்க, அடிக்கு ஒன்றாகச் சிமெண்டு மேடு கட்டினேன். "ஏங்க, ஊர்ல உள்ள தரையெல்லாம் மட்டம் பண்ணிட்டு வந்து நம்ம வீட்ல மேடு கட்டறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள் உங்கள் மகள். அந்த நேரம் பார்த்து, புது வீட்டுக்குத் தரை போடச் சொல்லியிருந்தவர் வந்தார். கூடத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டார்.

கடைசியில் டாக்டரிடம் போனோம். அவர் காலைத் திருப்பிப் பார்த்தார், விரல் நுனியில் நிற்கச் சொன்னார்.

"கால் விறைப்பா இல்ல, நல்லா வளையுது. இந்தத் தட்டைப்பாதம் நிறையப் பிள்ளைங்களுக்கு இருக்கும், பெரும்பாலும் வளர வளரச் சரியாகும். ஆகலைன்னாலும் ஒண்ணும் இல்ல. வலிச்சா மட்டும் நல்ல ஷூ, கெண்டைக்காலை நீட்டற பயிற்சி, அவ்வளவுதான். ஏம்மா, எங்கயாவது வலிக்குதா?"

"கால் வலிக்கல டாக்டர். அப்பா கட்டின மேட்டுல இடிச்சுக்கிட்ட முட்டிதான் வலிக்குது."

அவர் சொன்னதில் என் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்று: இது குடும்பத்தில் வழிவழியாகவும் வருமாம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கால் கிடையாது. ஆகவே மாமா, தாங்களும் அத்தையும் காலை நனைத்து ஆளுக்கொரு தாளில் ஒற்றித் தபாலில் அனுப்பவும். உண்மை தெரியும்வரை பேத்தி ஓட மாட்டாள்.

அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் பாதம் பணியும்
மாப்பிள்ளை

பி.கு.: உங்கள் மகள் இதைப் படித்தாள். ஒரு செம்புத் தண்ணீரை என் காலிலும் பேத்தி காலிலும் ஊற்றி வாசலில் நடக்கச் சொன்னாள். சின்னச் செங்கல்லுக்குப் பக்கத்தில் பெரிய செங்கல். "இந்தக் காலோடதானே சிமெண்டு மூட்டையைத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறுறீங்க? என்னைக்காவது வலிச்சுதா?" என்றாள். வலித்ததே இல்லை மாமா. பேத்தியோ, "அப்பா, உன் காலும் என் கால் மாதிரியே!" என்று குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அனுப்புங்க, அப்பா சிரிக்கட்டும்" என்று உங்கள் மகள் பிடுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஓடுகிறாள். தடமெல்லாம் வேண்டாம், கால்களோடு வந்தால் போதும். கூடத்தில் மட்டும் பார்த்து நடக்கவும். மேடுகளை உடைக்க முடியவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம்.