முகூர்த்தப் பெட்டியில் வந்த லாரி

பட்டுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு பட்டை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆரணியில் எங்கள் கடையில் புடவைகளைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் ‘கலர் லாரி’. அவருடைய சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும்.

அவருக்கு உயிர், உலோகத்தில் வார்த்த குட்டி லாரிகள். பக்கவாட்டில் அந்தக் காலத்தில் குடித்த கலர், சோடா விளம்பரம். பின்கதவைத் திறந்தால் துவரம்பருப்பு அளவில் பாட்டில் பெட்டிகள். யாராவது பொம்மை என்றால் சண்டைக்கு வருவார்.

“ஸ்டேரிங் திருப்புனா சக்கரம் திரும்புது பாரு. உன் பைக்குல இண்டிகேட்டராவது எரியுதா?”

எரியாது.

ஒரு முகூர்த்த நாள். முதலாளி கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்துவதற்குள் போன். கண்ணமங்கலத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து பெண்ணின் அப்பா. முந்தானையில் குச்சம் கட்டக் கொடுத்திருந்த முகூர்த்தப் புடவையை முந்தின நாள் சாயங்காலம்தான் வாங்கிப் போயிருந்தார்.

“யோவ், பொடவப் பெட்டியில லாரி இருக்குதுய்யா!”

“லாரியா? எந்த லாரிங்க?”

“செகப்பு லாரிய்யா! பின்னாடி கதவு வேற தொறக்குது!”

கடையே உறைந்துபோய் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தது. கூரியரில் வந்த புது லாரியை, முதலாளி கண்ணில் படாமலிருக்கப் புடவைப் பெட்டியில் வைத்திருக்கிறார் மனிதர். குனிந்து மேசைக்கடியில் மிச்சமிருந்த பெட்டியைத் திறந்தார். மாம்பழ மஞ்சளில் முகூர்த்தப் புடவை!

என் பைக்கில் பறந்தோம். பின்னாலிருந்து, “ஜல்தியா போப்பா, ஜல்தியா போ” என்று புலம்பிக்கொண்டே வந்தார். முகூர்த்தக் கவலை என்று நினைத்தேன்.

“பசங்க கையில மாட்டிச்சுனா கதவ உடைச்சிருவாங்கப்பா!”

மண்டபத்தில் புடவையைப் பிடுங்கிக்கொண்டு பெண்கள் உள்ளே ஓடினார்கள். இவர் லாரியை எடுத்துப் பின்கதவைத் திறந்தார். அடுத்த நொடி ஓர் அலறல்.

“ஐயோ! ஒரு பெட்டியக் காணோம்!”

நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளை மணையிலிருந்து எழுந்துவிட்டார். “நகப் பெட்டியக் காணோமாம், வாசக் கேட்ட மூடு!” என்று யாரோ கத்த, மண்டபமே நாற்காலிகளைப் புரட்டியது. பெண்ணின் அப்பா இவர் சட்டையைப் பிடித்தார்.

“இன்னா பெட்டிய்யா? எவ்ளோ பெருசு?”

இவர் விரல் நுனியைக் காட்டினார். “கலர் பெட்டிங்க. உள்ள பன்னண்டு பாட்டில் இருக்கும்.”

நாற்காலியைப் புரட்டியவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றி வளைத்தார்கள். இவரை உயிரோடு திருப்பிக் கூட்டிப் போகமாட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது மஞ்சள் புடவையில் மணப்பெண் வெளியே வந்தாள். விரல் நுனியில் அந்தப் பெட்டி.

“இதுங்களாண்ணே? நான்தான் எடுத்துப் பாத்துகினு இருந்தேன். பாட்டிலுக்கு மூடிகூடப் போட்டுருக்காங்க!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவின் பிடி தளர்ந்தது. நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. தாலி கட்டி முடிந்ததும், திட்டிய வாய்களே எங்களைப் பந்தியில் உட்காரவைத்தன.

திரும்பும் வழியில்தான் கவனித்தேன். அவர் கைகள் இரண்டும் காலியாக என் தோளில் இருந்தன. பைக்கை நிறுத்திவிட்டேன்.

“லாரி எங்கே?”

“அந்தப் பொண்ணுகிட்டயே குட்துட்டேன்.”

தன் லாரியை யாரையும் தொடக்கூட விடாதவர்!

“சிரிச்சிதே தவிர, கண்ணு மையெல்லாம் கலைஞ்சிருந்துதுப்பா. நம்மளாலதான அழுதிருக்கும்?”

ஆரணி வரைக்கும் ஒரு பள்ளத்திலும் இறக்காமல், அவர் உடம்பு அலுங்காமல், மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.